பொக்காளிக்கு மட்டும் எப்படி முடிகிறது? உப்பும் வறட்சியும்: கேள்வி பதில்

நெல் பயிர்ப்பெருக்கத்தில் வேலை செய்கிறேன். உப்பையும் வறட்சியையும் நெல் எப்படித் தாங்குகிறது என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வயலில் தண்ணீர் நிற்கிறது. ஆனாலும் உவர் நிலத்து நெல் வாடுகிறதே, ஏன் அக்கா?

மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வைத்தால் தண்ணீர் விட்டுச் சுருங்குமல்லவா, அதே கதைதான். மண்நீரில் உப்பு ஏறினால் வேரால் அதை எளிதில் உறிஞ்ச முடியாது. பயிருக்கு அதுவும் வறட்சிதான். இரண்டையும் சமாளிக்கும் மரபணுக்களில் பல பொதுவாக இருப்பது அதனால்தான். உப்பில் கூடுதல் தொல்லை ஒன்று: நாளாக ஆக சோடியம் இலையில் சேர்ந்து நுனி கருகும்.

கேரளத்துப் பொக்காளி நெல் கடல்நீர் ஏறும் வயலிலேயே விளைகிறதாமே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பொக்காளியின் முதல் குரோமோசோமில் 'சால்டால்' என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே, சோடியத்தைக் கடத்தும் புரதங்களுக்கான எச்கேடி வகையைச் சேர்ந்த ஒரு மரபணு. அது உண்டாக்கும் புரதம், இலைக்கு நீர் ஏறும் சைலக் குழாயை ஒட்டிய செல்களில் காவல் இருந்து, மேலே போகும் சோடியத்தை வழியிலேயே இழுத்துக்கொள்கிறது. உப்பு வேருக்குள் வரத்தான் செய்யும். இலைக்குப் போய்ச் சேருவதுதான் குறைகிறது. வங்கத்து நோனா போக்ரா நெல்லில் இந்த மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2005இல் பிரித்துக் காட்டினார்கள். இதைத் தவிர, சோடியத்தை வேரிலிருந்து வெளியே தள்ளும் புரதம் ஒன்று, செல்லின் வாக்குவோல் பைக்குள் அடைத்துவைக்கும் புரதம் ஒன்று என்று தனித்தனி ஆட்கள் உண்டு. ஆகவே "உப்பு மரபணு" என்று ஒற்றையாக எதுவும் கிடையாது.

வறட்சிக்கு?

வேர் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி, இலைத்துளைகள் மூடும். தண்ணீர் மிஞ்சும், ஆனால் கரியமில வாயு உள்ளே வராது, வளர்ச்சி குறையும். வேறு வழி, வேரை ஆழமாக இறக்குவது. பிலிப்பைன்ஸின் கினன்டாங் படோங் நெல்லிலிருந்து வேரை ஆழமாக இறக்கும் டிஆர்ஓ1 மரபணுவை ஐஆர் 64 என்ற நெல் ரகத்துக்குக் கொண்டுவந்து, வறட்சியிலும் விளைச்சல் தாக்குப்பிடிப்பதை ஜப்பானியர் 2013இல் காட்டினர்.

மரபணுத் திருத்தம் செய்த பூசா டிஎஸ்டி நெல் என்கிறார்களே, புது மரபணு சேர்த்ததா?

இல்லை, இருந்ததைக் கெடுத்தது! டிஎஸ்டி என்பது வறட்சியையும் உப்பையும் தாங்கும் திறனுக்குத் தடை போடும் மரபணு. அது வேலை செய்யாவிட்டால் இலைத்துளைகள் எண்ணிக்கையில் குறையும், நன்றாக மூடவும் செய்யும். எம்டியு 1010 ரகத்தில் அதை முடக்கி உருவாக்கிய நெல்லை 2025 மே மாதம் அறிவித்தார்கள்.

நான் வேதாரண்யம் பக்கம். சால்டால் உள்ள ரகம் நட்டால் போதுமா?

போதாது தம்பி. சால்டால் பெரும்பாலும் நாற்றுப் பருவத்தில்தான் கைகொடுக்கும். பூக்கும் பருவத்தில் உப்பு ஏறினால் பதர்தான். முதலில் மண்ணைச் சோதித்து உவரா (கரையும் உப்பு மிகுந்தது), களரா (மண்துகளில் சோடியம் ஒட்டியது) என்று பாருங்கள். களருக்கு ஜிப்சம். உவருக்கு நல்ல தண்ணீர் கட்டி வடித்தாக வேண்டும். அப்புறம், இளநாற்று வேண்டாம், கொஞ்சம் முற்றிய நாற்றையே நடுங்கள்.