அலமாரித் தட்டு தொய்ந்தது பலகையின் குற்றமா?

ஐயா, புதிதாக ஒரு புத்தகம்கூட ஏற்றாமலே, முதல் வாரம் 6 மில்லிமீட்டர் தொய்ந்திருந்த பலகை எட்டு மாதத்தில் எப்படி 15 ஆனது என்று கேட்டிருந்தீர்கள். தச்சர் உங்களை ஏமாற்றவில்லை. மூன்றடி நீளத்துக்கு 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை) போட்டால் இப்படித்தான் நடக்கும்.

சுமை ஏற்றியவுடன் வந்த தொய்வு மீள்திறன் சார்ந்தது, இறக்கினால் நிமிர்ந்துவிடும். பிறகு மெல்ல மெல்ல வந்தது வேறு சங்கதி. தகைவு, அதாவது சுமையால் பலகைக்குள் உண்டாகும் விசை, மாறாமல் இருந்தாலும் மரத்தூளும் பசையும் நாள்பட நெகிழ்ந்துகொண்டே போகும், திரிபு (உருமாற்றம்) கூடும். மழைக்கால ஈரம் இதை இன்னும் விரைவாக்கும். புத்தகங்களை எடுத்தாலும் அந்த வளைவு முழுதாக மறையாது. பலகையைத் திருப்பிப் போடச் சொல்வார்கள். சில மாதம் நேராகத் தெரியும், அவ்வளவுதான்.

தடித்த பலகை வாங்குமுன் ஒரு கணக்கு: தொய்வு தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) எதிர்விகிதம், 25 மி.மீ. போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். ஆனால் சீராகப் பரவிய சுமைக்கு அது நீளத்தின் நான்மடியைப் பொறுத்தது. நடுவில் ஒரு தாங்கி வைத்தால் நீளம் பாதியாகி, தொய்வு பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும்! தாங்கிக்கு இடமில்லையென்றால் முன்விளிம்பில் ஒன்றரை அங்குலத் தேக்கு ரீப்பரைச் செங்குத்தாக நிறுத்தி, பசையிட்டுத் திருகுங்கள். படுக்கவைத்து அடித்தால் பயனில்லை.

அடிப்பக்க நடுவில் மயிரிழை விரிசல் தெரிந்தால் மட்டும் பலகையையே மாற்றிவிடுங்கள்.