கோல்ஃப் மைதானத்தைப் படமெடுக்க எந்த கேமரா, எந்த லென்ஸ் வாங்கலாம்?

பொழுதுபோக்குக்குத்தானே எடுக்கிறீர்கள்? அப்படியானால் கேமராவுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். பழைய ஏபிஎஸ்-சி கேமராவே (நடுத்தர அளவு சென்சார் உள்ளது) தாராளம். மைதானம் எங்கும் ஓடிப் போகாது. வேகமான ஆட்டோஃபோகஸுக்கு இங்கே வேலை குறைவு.

படத்தைத் தூக்கி நிறுத்துவது வெளிச்சம்தான். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் பச்சைப் பாய். சூரியன் தாழ்ந்து பக்கவாட்டில் அடிக்கும்போது பாருங்கள், ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னாலும் நிழல் விழும், மணல் குழிகளின் விளிம்பு துலங்கும், தரை அலையலையாக எழும்பும். ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது, அதனால் அவசரமே இல்லை. பெரிய போட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம். 18ஆவது குழிக்குப் போகும் வழியிலுள்ள ஸ்வில்கன் கல்பாலத்தில் மட்டும் செல்ஃபிக் கூட்டம் இருக்கும்.

சரி, லென்ஸ். எல்லோரும் அகலமான காட்சியைப் பிடிக்கும் வைடு லென்ஸைத்தான் தேடுவார்கள். அதில் மேடு பள்ளமெல்லாம் தட்டையாகிவிடும். என் ஓட்டு 70-200 மி.மீ. ஜூமுக்கு, தூரத்து மேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும். அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பு, எஃப்/8 போதும்.

அப்புறம் ஒரு போலரைசர் ஃபில்டர். பனி படிந்த புல்லில் அதை மெல்லத் திருப்பினால் வெள்ளைப் பளபளப்பு மறைந்து நிஜப் பச்சை வெளிவரும். எடிட்டிங்கில் இதைக் கொண்டுவருவது கஷ்டம்.

ஆட்டம் நடக்கிற நாளாக இருந்தால் சத்தமில்லாமல் படமெடுக்கும் சைலன்ட் ஷட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். ட்ரைபாடை கிரீன் மேல் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) ஊன்றாதீர்கள், திட்டு வாங்குவீர்கள்.