சோமாலியாவில் அரசாங்கம் காணாமல் போன கதை: மலையக வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நைரோபியில் உதவிப் பொருள் களஞ்சியமொன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், சோமாலியா பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் தள்ளிவிடுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளுக்கு ஒன்றாகவே பதில் எழுதிவிடுகிறேன்.

தலவாக்கலை வாசகர்: அண்ணா, சோமாலியாவில் எல்லாருக்கும் ஒரே மொழி, ஒரே மதம் என்கிறார்கள். பிறகு எதற்காகச் சண்டை?

ஏறக்குறைய எல்லாருமே சோமாலி பேசும் சுன்னி முஸ்லிம்கள்தான், தம்பி. ஆனால் தாரூத், ஹவியே, இசாக், திர், ரஹன்வெய்ன் என்று குலங்கள் உண்டு. குலம் இருந்ததால் சண்டை வந்தது என்று பலர் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குலங்கள் எத்தனையோ தலைமுறையாக இருந்தவை. கொலை விழுந்தால் பெரியவர்கள் மரத்தடியில் கூடி, இத்தனை ஒட்டகம் ஈடு என்று பேசி வழக்கைத் தீர்ப்பார்கள்.

1969 ஒக்டோபரில் சியாட் பரே என்ற இராணுவத் தளபதி ஆட்சியைப் பிடித்தார். தொடக்கத்தில் குலப் பெயர் சொல்வதையே தடைசெய்தவர் அவர். 1972இல் சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்துமுறை வந்ததும் அவர் காலத்தில்தான். 1977இல் எத்தியோப்பியாவின் ஒகடேன் பகுதியைப் பிடிக்கப் படை அனுப்பினார். அதுவரை ஆயுதம் தந்த சோவியத் யூனியன் எத்தியோப்பியா பக்கம் தாவியது, கியூபப் படையும் வந்து இறங்கியது. 1978 மார்ச்சில் தோற்றுத் திரும்பினார். அடுத்த மாதமே இராணுவத்துக்குள் சதி. அதற்கப்புறம் அவர் தன் குலத்தையும், தாயின் குலத்தையும், மருமகனின் குலத்தையும் தவிர யாரையும் நம்பவில்லை. ஒரு குலத்தை அடக்க இன்னொரு குலத்துக்குத் துவக்கு கொடுத்தார். 1988இல் வடக்கே ஹர்கெய்சா நகரை அவருடைய விமானங்களே குண்டு போட்டு அழித்தன. அந்த விமானங்கள் கிளம்பியது அதே நகரத்தின் விமான நிலையத்திலிருந்து.

பண்டாரவளை ஆசிரியை: சேர், நம் நாட்டில் 26 வருடம் யுத்தம் நடந்தும் அரசாங்கம் விழவில்லை. அங்கே மட்டும் ஏன் விழுந்தது?

யுத்தம் வேறு, அரசாங்கம் இல்லாமல் போவது வேறு, டீச்சர். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த கிளிநொச்சியிலும் அரசாங்க அதிபரும் கச்சேரி என்ற மாவட்டச் செயலகமும் இருந்தது உங்களுக்குத் தெரியும். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து போனது, பிள்ளைகள் நம் பிள்ளைகள் எழுதிய அதே சாதாரண தரப் பரீட்சையை எழுதினார்கள். குண்டும் கொழும்பிலிருந்துதான், சம்பளமும் கொழும்பிலிருந்துதான்!

சோமாலியாவில் அரசாங்கம் வெளிநாட்டு உதவியில்தான் நின்றுகொண்டிருந்தது. பனிப்போர் ஓய்ந்ததும் அந்த உதவி வற்றிப்போனது. இராணுவமோ குலம் குலமாகப் பிரிந்து ஆயுதத்தோடு வீட்டுக்குப் போனது. 1991 ஜனவரி கடைசியில் பரே தலைநகர் மொகடிஷுவை விட்டு ஓடியபோது பொறுப்பை வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை. அவரைத் துரத்திய இயக்கமே இரண்டாக உடைந்தது. அலி மஹ்தி நகரின் வடக்கிலும் ஜெனரல் ஐதீத் தெற்கிலும் இருந்துகொண்டு மாதக்கணக்கில் ஷெல் அடித்தார்கள். அமைச்சு அலுவலகங்களில் கதவு, கூரைத் தகரம், சுவருக்குள் ஓடிய செப்புக் கம்பி என்று எல்லாம் பிடுங்கி விற்கப்பட்டன. காணி உறுதியும் பிறப்புப் பதிவும் அதோடு போயின. கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம், இது யாருடைய காணி என்ற பதிவை எங்கே போய்த் தேடுவது?

ஹட்டன் வாசகர்: 2022இல் நாமும் சோமாலியா ஆகிவிடுவோம் என்று பேசினார்களே?

ஆகவில்லை, ஆகும் நிலையிலும் இருக்கவில்லை. ஜூலை 13ஆம் தேதி ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போனார், 20ஆம் தேதி பாராளுமன்றம் வாக்களித்து வேறொருவரைத் தெரிந்தது. கோதுமை மா விலை ஏறி லயத்தில் ரொட்டி சுட முடியாமல் போனது உண்மை. அது வங்குரோத்து, அரசாங்கம் கலைந்துபோனது அல்ல.

மாத்தளைக் கடைக்கார வாசகர்: மத்திய வங்கியே இல்லாமல் காசு எப்படி ஓடியது?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, முதலாளி. வங்கி போனபின்பும் சோமாலி ஷிலிங் ஓடியது. அடுத்த கடைக்காரர் வாங்குவார் என்ற நம்பிக்கையில் இந்தக் கடைக்காரர் வாங்கினார், அவ்வளவுதான். பிறகு சண்டைத் தலைவர்களும் வியாபாரிகளும் வெளிநாட்டில் நோட்டு அச்சடித்துக் கப்பலில் இறக்கினார்கள். 1000 ஷிலிங் நோட்டின் மதிப்பு கடைசியில் அதை அச்சடிக்கும் செலவு வரைக்கும் இறங்கிவிட்டது. அதற்குமேல் கள்ள நோட்டு அடித்தால் நட்டம். பெரிய கொடுக்கல் வாங்கல் எல்லாம் டொலரில்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வங்கி இல்லாமல் ஆள் மூலம் பணம் கைமாறும் உண்டியல் வழியில் அனுப்பினார்கள். நம் ஆட்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அங்கே பணம் வாங்க வருபவரிடம் அடையாள அட்டை ஏது? குலம், உட்குலம், பாட்டன் பெயர் கேட்டு ஆளை உறுதிசெய்வார்கள். 2001 நவம்பரில் பயங்கரவாதத்துக்குப் பணம் போகிறது என்று அமெரிக்கா அல் பரக்காத் என்ற பணம் அனுப்பும் நிறுவனத்தை முடக்கியபோது அடிபட்டது சாதாரணக் குடும்பங்கள். தொலைபேசிக் கம்பனிகளும் நன்றாக வளர்ந்தன. இதைக் காட்டி, அரசாங்கமே வேண்டாம் என்று வாதாடும் பொருளியல்காரர்கள் இருக்கிறார்கள். தொலைபேசிக் கம்பனி தடுப்பூசி போடாது என்பதை அவர்கள் மறந்துவிடுவார்கள்.

லிந்துலை வாசகி: 1992 பஞ்சம் மழை பொய்த்ததால் வந்ததா, அண்ணா?

வரட்சி இருந்தது, தங்கச்சி. ஆனால் அதிகம் செத்தது எங்கே என்று பாருங்கள். ஜூபா, ஷபெல்லே என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவிலுள்ள, நாட்டிலேயே நன்றாக விளையும் நிலத்தில். பைதோவா நகரத்துப் படங்கள்தான் அன்று பத்திரிகைகளில் வந்தவை. பரேயின் ஆட்களும் ஐதீத்தின் ஆட்களும் மாறிமாறி அந்த ஊர்களின் வழியாகப் போய், தானியக் குழியைத் தோண்டி எடுத்தார்கள், மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் இறந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கூட்டம் இருக்கிறது, சோமாலி பாண்டு மக்கள். 19ஆம் நூற்றாண்டில் தன்சானியா, மொசாம்பிக் பக்கத்திலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள், ஆற்றோரம் பயிர் செய்தவர்கள். நம் முன்னோர் கங்காணியோடு வந்தவர்கள், அடிமையாக விற்கப்பட்டவர்கள் அல்ல. இரண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டேன். ஆனாலும் வேலைக்காகக் கொண்டுவந்து, பிறகு அந்நியன் என்று சொல்வது நமக்குப் பழகிய கதை. 1948இல் நம் பிரஜாவுரிமையைப் பறித்தது நன்றாக இயங்கிக்கொண்டிருந்த அரசாங்கம். பாண்டு மக்களுக்கு இரண்டு அடியும் விழுந்தது. பரேயின் அரசாங்கம் இருந்தபோது 1975 காணிச் சட்டத்தைக் காட்டிச் செல்வாக்குள்ளவர்கள் அவர்களுடைய நிலத்தை எழுதிக்கொண்டார்கள். அரசாங்கம் போனபின்பு, துவக்கோடு வந்து நிற்கச் சொந்தக் குலம் இல்லாததால் யாரும் எதையும் செய்யலாம் என்றாகிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் கென்யா முகாம்களுக்கு நடந்தே போனார்கள். அவர்களில் பன்னிரண்டாயிரம் பேரளவில் பிற்பாடு அமெரிக்கா குடியேற்றிக்கொண்டது.

நானுஓயா வாசகர்: அமெரிக்கப் படை போயும் ஏன் சரிவரவில்லை?

1992 டிசெம்பரில் போனார்கள், சாப்பாட்டு லொறிகளுக்கு வழி திறந்தது. அதோடு நிற்கவில்லை. 1993 ஜூனில் ஐ.நா. அமைதிப் படையில் இருந்த 24 பாகிஸ்தானியர் கொல்லப்பட்டதும் ஐதீத்தைப் பிடிக்கக் கிளம்பினார்கள். ஒக்டோபரில் ஒரே மோதலில் 18 அமெரிக்கர்களும் நூற்றுக்கணக்கான சோமாலியர்களும் இறந்தார்கள். 1995 மார்ச்சில் ஐ.நா.வும் கிளம்பிவிட்டது.

பதுளை வாசகர்: கடற்கொள்ளையர் இன்னும் இருக்கிறார்களா?

குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. 2017 மார்ச்சில் ஏரிஸ் 13 என்ற எண்ணெய்க் கப்பலைக் கடத்தினார்களே, அதில் இருந்த எட்டுப் பேரும் இலங்கையர். சில நாளில் கப்பம் இல்லாமல் விட்டார்கள்.

புசல்லாவை வாசகர்: ஐயா, முழு நாடும் இப்படியே போய்விட்டதா?

இல்லை. குண்டு விழுந்த அந்த ஹர்கெய்சாவைத் தலைநகராக வைத்து, 1991 மே மாதம் சோமாலிலாந்து என்று வடக்கு பிரிந்தது. 1993இல் பொராமா நகரில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் கூடிப் பேசி, யாருக்கு எந்தப் பொறுப்பு என்று முடிவெடுத்தார்கள். பெரியவர்களுக்கென்று பாராளுமன்றத்தில் ஒரு சபையே வைத்தார்கள். தனி நாணயம், தனிப் பொலிஸ், தேர்தல் எல்லாம் வந்தன, ஐ.நா.வில் மட்டும் நாற்காலி இல்லை. மொகடிஷுவில் 2012இல் கூட்டாட்சி அரசாங்கம் ஒன்று அமைந்தது. அதற்கு உலகமே வணக்கம் சொல்கிறது, ஆனால் தெற்குக் கிராமங்கள் பலவற்றில் வரி வாங்குவது அல் ஷபாப் என்ற இஸ்லாமியவாத ஆயுதக் குழு.