நடுவழியில் செட் மாற்றும்போது: இரட்டை டிரெய்லர் ஓட்டுநர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பீனிக்ஸுக்குச் சுமார் 370 மைல். அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி, தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்ந்த பிறகு சரக்கு வண்டி ஓட்டுநர் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அதுவும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள். ஒரே ஆள் ஒரே மூச்சில் போய்த் திரும்ப முடியாது. ஆகவே இரண்டு ஊர்களிலிருந்தும் ஆளுக்கொரு செட்டுடன் கிளம்பி, கலிபோர்னியா–அரிசோனா எல்லையில் பிளைத், எரன்பர்க் பக்கம் சந்தித்து, செட்டை மாற்றிக்கொண்டு அவரவர் வீட்டுக்கே திரும்புகிறார்கள். செட் என்றால் 28 அடி டிரெய்லர்கள் இரண்டு, அவற்றை இணைக்கும் டாலி என்ற சிறு சக்கர வண்டி ஒன்று. செட்டை இழுக்கும் எஞ்சின் வண்டியைத்தான் டிராக்டர் என்கிறோம். இந்த வேலையில் நீண்ட காலம் இருப்பவன் என்பதால் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, இரட்டை டிரெய்லருக்கான 'டி' அனுமதியை இப்போதுதான் வாங்கினேன். எதிரே வருபவர் பழுத்த அனுபவசாலி. புறப்படும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்கிறார். நானும் மறுபடி முழுவதும் பார்க்க வேண்டுமா?

பதில்: பார்த்தே ஆக வேண்டும், தம்பி. வண்டி பாதுகாப்பாக இருக்கிறது என்று ஓட்டப்போகிறவரே திருப்தி அடைய வேண்டும் என்கிறது கூட்டரசு விதி 396.13. முன்பு ஓட்டியவரின் திருப்தி உங்களுக்குச் செல்லாது.

விதியை விடுங்கள், வேலையின் அமைப்பைப் பாருங்கள். நடுவழியில் நாம் செட்டைப் பிரிப்பதில்லை. அவர் தன் டிராக்டரை முன் டிரெய்லரிலிருந்து கழற்றுகிறார், நீங்கள் உங்கள் டிராக்டரைப் பூட்டுகிறீர்கள். மூன்று இணைப்புகளில் உங்கள் கைபட்டது ஒன்றுதான். முன் டிரெய்லரின் பின்புறத்தில் டாலி தொங்கும் பிண்டில் கொக்கியையும், டாலியின் மேல் பின் டிரெய்லர் உட்கார்ந்திருக்கும் ஃபிஃப்த் வீல் என்ற பூட்டுத் தட்டையும் பூட்டியவர் பீனிக்ஸ் முனையத்தில் யாரோ ஒருவர். எதிரே நிற்கும் அனுபவசாலியாகவே அவர் இருக்க வேண்டும் என்பதில்லை. புதியவர்கள் தாங்கள் பூட்டிய இணைப்பை இரண்டு முறை பார்க்கிறார்கள், பின்னால் இருக்கும் இரண்டையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். முறைப்படி நேரம் அதிகம் செலவாக வேண்டிய இடம் அந்தப் பின்பகுதிதான்.

டார்ச் விளக்குடன் குனிந்து பாருங்கள். டாலியின் ஃபிஃப்த் வீல் தட்டுக்கும் டிரெய்லரின் அடித்தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. அந்தத் தட்டின் தாடைகள், டிரெய்லரின் அடியில் நீட்டியிருக்கும் கிங்பின் என்ற முளையின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். நெம்புகோல் பூட்டிய நிலையில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. பிண்டில் கொக்கியின் பூட்டு விழுந்திருக்கிறதா, பாதுகாப்புச் சங்கிலிகள் மாட்டப்பட்டிருக்கின்றனவா, டாலியின் தாங்கு கால் மேலே ஏற்றிக் கட்டப்பட்டிருக்கிறதா, பின் டிரெய்லரின் லேண்டிங் கியர் என்ற தாங்கு கால்கள் முழுவதும் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றுக் குழாய்களும் மின்கம்பியும் தரையில் உரசாமலும், திருப்பத்தில் இழுபடாமலும் இருக்க வேண்டும். டயரை உதைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது, அளவுமானியை வைத்துப் பாருங்கள். அதுவும் ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பாலைவனச் சாலையில் காற்றுக் குறைந்த டயர் சூடேறி வெடிப்பதற்கு அதிக நேரம் எடுக்காது.

கேள்வி: பின் டிரெய்லருக்குப் பிரேக் போகிறதா என்று எப்படி உறுதி செய்வது? டிராக்டரில் காற்றழுத்தம் சரியாகக் காட்டினால் போதாதா?

பதில்: போதாது. உயிரோடு விளையாடும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிரெய்லருக்கு இரண்டு காற்றுக் குழாய்கள். சிவப்புக் குழாய் தொட்டியை நிரப்பி, பார்க்கிங் பிரேக்கை விடுவிக்கிறது. நீலக் குழாய் நீங்கள் மிதிக்கும்போது பிரேக்கைப் பிடிக்கச் சொல்கிறது. முன் டிரெய்லரின் பின்புறத்தில் இரண்டுக்கும் அடைப்பு வால்வுகள் உண்டு. பின்னால் இன்னொரு டிரெய்லர் தொடரும்போது அவை திறந்திருக்க வேண்டும். கடைசி டிரெய்லரின் பின்புற வால்வுகள் மூடியிருக்க வேண்டும்.

நடுவில் சிவப்பு வால்வு மூடிக் கிடந்தால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். பின் டிரெய்லரின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு நகர மறுக்கும். நீல வால்வு மட்டும் மூடிக் கிடந்தால் எதுவுமே தெரியாது. வண்டி சுகமாக ஓடும். அவசரமாக மிதிக்கும் நேரத்தில் பின் டிரெய்லர் பிரேக் பிடிக்காமல் முன்னதைத் தள்ளிக்கொண்டு வரும்.

எனவே கடைசி டிரெய்லரின் பின்னால் போய் முதலில் சிவப்பு வால்வைத் திறந்து காற்று சீறுவதைக் கேட்டுவிட்டு மூடுங்கள். பிறகு ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க, நீல வால்வைத் திறந்து அதே சீறலைக் கேளுங்கள். மறக்காமல் மூடுங்கள். மிதிக்க இன்னொரு ஆள் இருந்தால் வேலை எளிது. எதிர் ஓட்டுநர் கிளம்பும் முன்பே இதைச் செய்யச் சொல்வது அதனால்தான்.

1998 மார்ச்சுக்குப் பிறகு தயாரான டிரெய்லரிலும் டாலியிலும் இடப்பக்கம் ஏபிஎஸ்ஸுக்கான (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) மஞ்சள் விளக்கு இருக்கும். மின்சாரம் கிடைத்ததும் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை. சாதாரணப் பிரேக் இருக்கும், ஆனால் பழுதைப் பதிவு செய்தாக வேண்டும்.

கேள்வி: அவர் எழுதிய பழுதுக் குறிப்பில் நான் கையெழுத்திட வேண்டுமா?

பதில்: சரக்கு வண்டிகளில் பழுது எதுவும் இல்லையென்றால் அந்த அறிக்கையே கட்டாயமில்லை, 2014 டிசம்பரிலிருந்து அப்படித்தான். பழுது எழுதப்பட்டிருந்தால், அதைச் சரிசெய்ததற்கான சான்று இருக்கிறதா என்று படித்துக் கையெழுத்திட வேண்டும். செட்டிலிருந்து கழற்றிவிடப்பட்ட டிரெய்லரைப் பற்றிய பழுதுக்கு உங்கள் கையெழுத்து தேவையில்லை. ஆனால் அவர் கொண்டுவந்த டிரெய்லர் இப்போது உங்கள் பின்னால்தானே இருக்கிறது? வாய்மொழியாகவும் கேளுங்கள். "வழியில் ஏதாவது இழுத்ததா, ஆடியதா?" என்ற ஒரு கேள்விக்கு எந்தத் தாளிலும் இல்லாத பதில் கிடைக்கும்.

கேள்வி: எந்தெந்தக் காகிதங்களை வாங்கிக்கொள்ள வேண்டும்? இருட்டில் கட்டாகக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பதில்: கட்டை அப்படியே இருக்கையில் போடாதீர்கள். முதலில் டிரெய்லர் எண்கள். தாளில் எழுதியிருக்கும் எண்களையும் டிரெய்லரின் மேல் இருக்கும் எண்களையும் நேரில் ஒப்பிடுங்கள், டாலியின் எண்ணையும் சேர்த்து. ஒரே முற்றத்தில் நான்கைந்து செட்டுகள் நிற்கும் இரவுகளில் தவறான செட்டை இழுத்துக்கொண்டு போவது நடக்காத காரியமல்ல.

அடுத்து, ஒவ்வொரு டிரெய்லரின் சரக்குப் பட்டியலும் பில்களும். எரன்பர்க்கில் மாற்றிக்கொண்டு மேற்கே போகிறவர் கொலராடோ ஆற்றைக் கடந்ததும் பிளைத்தில் கலிபோர்னியாவின் வேளாண் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு, பில்லையும் கேட்பார்கள். சற்று முன்பு கைக்கு வந்த கட்டில் பின் டிரெய்லரின் தாள்கள் இல்லை என்று அங்கே கண்டுபிடிப்பதைவிட, மாற்றும் இடத்திலேயே விளக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பிறகு ஆண்டுச் சோதனை. 12 மாதத்துக்கு ஒரு முறை டிராக்டர், முன் டிரெய்லர், டாலி, பின் டிரெய்லர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நடந்திருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் சான்று வில்லையில் மாதத்தையும் ஆண்டையும் படியுங்கள். எல்லோரும் மறப்பது டாலியைத்தான். டிரெய்லர்களின் பதிவுச் சான்று பெரும்பாலும் முன்புறப் பெட்டியில் இருக்கும். எண் பலகையில் மெயின் மாநிலம் என்று இருந்தால் பதற வேண்டாம். அங்கே பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பதியலாம் என்பதால் நிறைய நிறுவனங்கள் டிரெய்லர்களை அங்கேதான் பதிகின்றன.

கேள்வி: சீல் எண் பொருந்தவில்லை என்றால்?

பதில்: நகர்த்தாதீர்கள். படம் எடுங்கள், எதிர் ஓட்டுநரை நிறுத்தி வையுங்கள், உங்கள் நிறுவனத்தின் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். அவர் போன பிறகு சரக்குக் குறைந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

சீல் வைத்த டிரெய்லரைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு இருந்தால், உள்ளே கட்டியிருப்பதைச் சோதிக்கும் கடமையிலிருந்து உங்களுக்கு விலக்கு உண்டு. சீல் இல்லாவிட்டால் முதல் 50 மைலுக்குள் ஒரு முறை பார்க்க வேண்டும். பிறகு 3 மணி நேரம் அல்லது 150 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது மறுபடி பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆபத்தான சரக்கு இருந்தால் கூடுதலாக என்ன பார்க்க வேண்டும்? எனக்கு 'எச்' அனுமதி இருக்கிறது.

பதில்: அனுமதி இருப்பது நல்லது. அது இல்லாதவர் எச்சரிக்கைப் பலகை தேவைப்படும் செட்டை ஏற்கவே கூடாது, எதிர் ஓட்டுநரிடம் இருக்கிறது என்பதால் உங்களுக்கு ஆகாது.

ஆபத்தான சரக்குக்கான தாள்களை, இருக்கைப் பட்டை போட்டபடியே கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். இறங்கும்போது ஓட்டுநர் பக்கக் கதவுப் பையிலோ இருக்கையின் மேலோ இருக்க வேண்டும். செட் மாற்றும்போது இந்த நல்ல பழக்கமே சிக்கலாகிவிடும். இருவரின் தாள்களும் அவரவர் கதவுப் பையில் இருக்கின்றன. பேசிக்கொண்டே கழற்றிப் பூட்டி, கையசைத்துவிட்டு இருவரும் கிளம்பினால், உங்கள் சரக்கின் தாள்கள் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கும். விபத்து நேர்ந்தால் தீயணைப்பு வீரர்கள் முதலில் தேடுவது அந்தத் தாள்களைத்தான். உள்ளே எரிவது என்ன, தண்ணீர் ஊற்றலாமா என்பதை அதில்தான் பார்ப்பார்கள். ஆகவே டிராக்டரைக் கழற்றும் முன்பே இந்தத் தாள்களைக் கைமாற்றிவிடுங்கள். நான் இதில் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பலகைகளைப் பொறுத்தவரை ஒவ்வொரு டிரெய்லரும் தனி வாகனமாகவே கணக்கிடப்படும். எந்த டிரெய்லரில் அந்தச் சரக்கு இருக்கிறதோ அதன் நான்கு பக்கமும் பலகை வேண்டும். பின் டிரெய்லர் என்றால் டாலிக்கு மேலே மறைந்திருக்கும் அதன் முன்முகத்திலும்தான். சில வகைகளுக்கு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பலகை கட்டாயம். மற்றப் பல வகைகளுக்கு, ஒரு டிரெய்லரில் மொத்தம் 1,001 பவுண்டு சேர்ந்தால் கட்டாயம். சரக்கை இறக்கிய பிறகும் கழற்றாமல் விட்ட பலகையும் விதிமீறலே.

கேள்வி: கனமான டிரெய்லர் பின்னால் இருக்கும்படி செட் வந்தது. எதிர் ஓட்டுநர் "இதுவரை நன்றாகத்தானே வந்தேன்" என்கிறார்.

பதில்: கனமானது முன்னால், இலேசானது பின்னால். ஓட்டுநர் உரிமக் கையேடே இதைச் சொல்கிறது. டிராக்டரில் ஸ்டீயரிங்கைச் சற்றே வெட்டினால் அந்த அசைவு பின்னால் போகப் போகப் பெருகும், சாட்டையின் நுனியைப் போல. மூன்று டிரெய்லர் செட்டில் கடைசி டிரெய்லர் கவிழும் வாய்ப்பு, ஐந்து அச்சு கொண்ட ஒற்றை டிரெய்லர் வண்டியைவிட 3.5 மடங்கு என்று அதே கையேடு கணக்குச் சொல்கிறது. இரட்டையில் அவ்வளவு இல்லை, ஆனால் உண்டு.

அவர் வந்த வழி வேறு, நீங்கள் போகும் வழி வேறு என்பதையும் யோசியுங்கள். மேற்கே போகிறவர் பாம் ஸ்பிரிங்ஸ் அருகே சான் கோர்கோனியோ கணவாயைக் கடக்க வேண்டும். காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருக்கும் இடம் அது. அங்கே காற்று எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காலி டிரெய்லர் எங்கே இருந்தாலும் ஆபத்துதான். எச்சரிக்கை வந்தால் நின்றுவிடுங்கள். வரிசை தலைகீழாக இருந்தால் அலுவலகத்தைக் கூப்பிட்டு முடிவு கேளுங்கள். நீங்களாகவே பிரித்துப் பூட்ட இறங்கினால் ஒன்று நினைவில் இருக்கட்டும். டாலி பின் டிரெய்லருக்கு அடியில் இருக்கும்போது பிண்டில் கொக்கியைத் திறக்கவே கூடாது. டாலியின் இழுவைக் கம்பி மேலே எகிறி ஆளை அடித்துவிடும்.

கேள்வி: மாற்றும் நேரம் மின்னணுப் பதிவேட்டில் எப்படிப் போக வேண்டும்?

பதில்: கழற்றுவதும் பூட்டுவதும் சோதிப்பதும் "வேலையில், ஓட்டவில்லை". புதிய டிரெய்லர் எண்களையும் சரக்குத் தாள் எண்களையும் கிளம்பும் முன் பதிய வேண்டும். பழைய எண்களோடு சோதனைச் சாவடிக்குப் போகாதீர்கள். நல்ல செய்தி ஒன்று: 2020 செப்டம்பரிலிருந்து, 8 மணி நேர ஓட்டத்துக்குப் பின் வேண்டிய 30 நிமிட இடைவேளையை ஓட்டாத எந்த வேலையாலும் நிரப்பலாம். மாற்றும் வேலை இடைவிடாமல் அரை மணி நீடித்தால் அதுவே கணக்கில் வரும். அவசரப்பட உங்களுக்குக் காரணமே இல்லை.

கேள்வி: என் கணவர் இந்த இரவு வேலையில் இருக்கிறார். சில நாள் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே நிறுத்தி மாற்றிவிடலாம் என்று எதிர் ஓட்டுநர் சொல்கிறாராம். சரியா?

பதில்: சரியே இல்லை, சகோதரி. சாலையோரத்தில் இருட்டில் இரு வண்டிகளுக்கு நடுவே ஒருவர் குனிந்து நிற்பது எந்த நேர மிச்சத்துக்கும் ஈடாகாது. உங்கள் கணவர் உறுதியாக மறுக்கட்டும். டாலி பூட்டிய செட்டைச் சில அடிகளுக்கு மேல் பின்னால் எடுக்கவும் முடியாது. அதனால் நுழைந்து நேராக வெளியேறக்கூடிய, வெளிச்சமுள்ள, சமமான தளம்தான் வேண்டும்.

கேள்வி: பழுதைச் சொன்னேன். "எப்படியாவது முனையம் வரை கொண்டுவா, அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். மறுத்தால் வேலை போய்விடுமா?

பதில்: பாதுகாப்பற்ற வண்டியை ஓட்ட மறுப்பவரைத் தண்டிக்கக் கூடாது என்று 1982ஆம் ஆண்டின் தரைவழிப் போக்குவரத்து உதவிச் சட்டம் சொல்கிறது. வேலையைவிட்டு நீக்கினாலோ ஊதியத்தைக் குறைத்தாலோ 180 நாளுக்குள் தொழில்பாதுகாப்பு நிர்வாகமான ஓஷாவிடம் புகார் தரலாம். விதியை மீறும்படி நிறுவனம் மிரட்டியிருந்தால், 90 நாளுக்குள் கூட்டரசு வாகனப் பாதுகாப்பு நிர்வாகத்திடமும் புகார் தரலாம்.

ஓட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். சாலைச் சோதனையில் பிடிபட்டால் அந்தப் பதிவு மூன்று ஆண்டுகள் உங்கள் பெயரில் இருக்கும். அடுத்த வேலைக்குப் போகும்போது அதைத்தான் பார்ப்பார்கள். "கொண்டுவா" என்று சொன்னவரின் பெயர் அதில் இருக்காது.

ஆகவே தொலைபேசியில் வாதாட வேண்டாம். பழுதைப் படம் எடுத்து, டிரெய்லர் எண், இடம், நேரத்தோடு வண்டியிலுள்ள கருவி வழியாக எழுத்தில் அனுப்புங்கள். பழுதுபார்ப்பவரை அனுப்பும்படி அதே செய்தியிலேயே கேளுங்கள். எழுத்தில் கேட்டால் "எப்படியாவது கொண்டுவா" என்று எழுத்தில் பதில் தருபவர்கள் மிகவும் குறைவு.