வன்னியில் தனியாக இருக்கும் 72 வயது அப்பா இன்னும் தோட்டம் கொத்துகிறார், சைக்கிள் ஓடுகிறார். அவரைப் பேசாமல் வீட்டில் இருக்க வைப்பது எப்படி?

இருக்க வைத்துப் பாருங்கள். பிறகு எழும்ப வைப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டு இதே இடத்துக்கு வருவீர்கள்.

நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கனடாவோ, சுவிஸோ. அப்பாவின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தால் நெஞ்சு பதறும் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. எனக்கும் அங்கே இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் கேள்வியை நான் அப்பாவின் பக்கம் நின்றுதான் வாசித்தேன். எனக்கு வயது 73, அவருக்கு அக்கா முறை. விசுவமடுப் பக்கம் அரை ஏக்கர் வளவு, கச்சானும் மிளகாயும் வைத்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மாரியில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு வெடித்தது. வெடித்தது கை மட்டும்தான், ஆனால் பிள்ளைகள் முழு உடம்பையும் இருத்தி வைத்தார்கள். மகள் காசு அனுப்பிக் கிணற்றுக்கு மோட்டார் பூட்டுவித்தாள். மகன் ஒரு சாய்கதிரை வாங்குவித்தான். முற்றம் கூட்ட, சமைக்க ஒரு பிள்ளையை ஒழுங்கு செய்தார்கள். "அம்மா, நீங்கள் பாடுபட்டது போதும்" என்று பெற்ற பிள்ளை அழுதுகொண்டு சொன்னால் எந்தத் தாய் மறுத்துப் பேசுவாள்? கை பொருந்தியது. கதிரை என்னை விடவில்லை.

அடுத்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனோம். வழக்கம்போல மணலில் பாய் விரித்து இருந்தேன். எழும்ப வேண்டிய நேரத்தில் தொடையில் ஒரு பிடிப்பும் இல்லை. கையை ஊன்றினால் கை மணலில் புதைகிறது, முழங்கால் மடங்கிய இடத்திலேயே நிற்கிறது. பக்கத்தில் கச்சான் உடைத்துத் தின்றுகொண்டிருந்த இரண்டு பொடியன்கள் வந்து, இரண்டு கமக்கட்டிலும் கைகொடுத்து, நெல் மூட்டை தூக்குவதுபோலத் தூக்கி நிறுத்தினார்கள். "ஆச்சி, மெல்ல மெல்ல" என்றான் ஒருவன். ஆச்சி என்றதற்கு எனக்குக் கோபம் இல்லை. சரி, கொஞ்சம் இருந்தது.

கிளினிக்கில் இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பிள்ளை, கைப்பிடி இல்லாத கதிரையில் என்னை இருத்தி, கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 விநாடிக்குள் எத்தனை தரம் எழும்பி இருக்க முடிகிறது என்று பார்த்தாள். 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்குப் பத்துக்குக் குறைந்தால் கால் பலம் குறைவு, விழக்கூடிய ஆபத்து இருக்கிறது என்று கணக்கு. அதே வயது ஆணுக்குப் பன்னிரண்டு. என்னுடைய எண்ணிக்கையை இங்கே எழுதப்போவதில்லை.

அவள் சொல்லித் தந்தவை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. சாப்பிடுவதற்கு முன்னர் கதிரையில் எழும்பி இருத்தல், குசினிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்றல், சுவரோரமாகக் குதிகாலும் விரலும் முட்ட அடி வைத்து நடத்தல். எனக்குப் பெரிய காரியமாக இருந்தது தரையிலிருந்து எழும்புவதுதான். முதலில் ஒருக்களித்துச் சரிய வேண்டும், பிறகு தவழும் நிலைக்கு வர வேண்டும், பிறகு பலமான காலை முன்னே வைத்து எதையாவது பிடித்து எழும்ப வேண்டும். நான் பிடித்தது முற்றத்து உரலை. கிரைண்டர் வந்த நாளிலிருந்து மழைத்தண்ணீர் நிரம்பி, நுளம்பு பெருகுகிறது என்று சுகாதாரப் பரிசோதகரிடம் ஏச்சு வாங்கித் தந்த உரல். கவிழ்த்துப்போட்டு, அதன் அடியில் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி, மூச்சை விட்டுக்கொண்டே எழும்பப் பழகினேன். முதல் நாட்களில் வேலைக்கு வந்த பிள்ளை பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரைத் தரையில் இருந்து எழும்பச் சொல்லிப் பார்த்த ஆய்வு ஒன்று 2012 இல் வெளிவந்தது. கையையும் முழங்காலையும் கூடுதலாக ஊன்ற வேண்டியிருந்தவர்களிடையே, பின்வந்த வருடங்களில் இறப்பும் கூடுதலாக இருந்ததாம். எழும்பத் தெரிந்தவனுக்குச் சாவு வராது என்று நான் சொல்லவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம்.

இன்னொருவர் வருவார், "குந்தியிருந்து வேலை செய்துதானே முழங்கால் தேய்கிறது" என்று. உண்மைதான். மணிக்கணக்கில் குந்தியிருப்பது மூட்டுக்குக் கூடாது என்று எனக்கும் சொன்னார்கள். அதனால் கச்சான் ஆயும்போது சிறிய முக்காலி போட்டுக்கொள்கிறேன், இடையிடையே எழும்பி நடக்கிறேன். மூட்டு மாற்றியவர்களும் இருதய வருத்தக்காரரும் தங்கள் வைத்தியரைக் கேட்கட்டும். ஆனால் 65 வயது தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020 இல் சொல்லியிருக்கிறது. உங்கள் அப்பா இதில் முக்கால்வாசியை மண்வெட்டியோடு முடித்துவிடுகிறார். நீங்கள் அங்கே ஜிம்முக்கு மாதக் காசு கட்டுகிறீர்கள், இல்லையா?

எங்கள் தலைமுறைக்கு இது ஏன் சுடுகிறது என்றும் சொல்ல வேண்டும். 2009 இல், கடைசி யுத்தத்துக்குள், என் மாமியாரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சேலையால் என்னோடு சேர்த்துக் கட்டி, மாத்தளன் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். "என்னை விட்டுவிட்டுப் போ பிள்ளை" என்று வழி முழுக்கச் சொன்னார். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

அசையச் சொல்கிறவர்கள் பஸ்ஸையும் கொஞ்சம் பார்க்கட்டும். எங்கள் பக்கம் ஓடும் பஸ்களின் மிதிபலகை என் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஒரு கால் மேலே, ஒரு கால் வீதியில் இருக்கும்போதே "போகலாம்" என்று நடத்துனர் தட்டிவிடுகிறார். முன் இருக்கை மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கிறது, நல்லது, அவர்களும் இருக்கட்டும். கிளினிக் நாளில் குளிசைப் பையோடு கம்பியில் தொங்குகிற கிழடுகளுக்கு, நான் ஏறுகிற பஸ்ஸில் ஒரு இருக்கையும் எழுதப்படவில்லை. இதனால்தான் நான் கிட்டிய இடங்களுக்குச் சைக்கிளில் போகிறேன். ஆசனத்தை நன்றாக இறக்கி, நின்றால் இரண்டு காலும் நிலத்தில் படும்படி வைத்திருக்கிறேன்.

ஆகவே அப்பாவை நிறுத்த வேண்டாம், அவர் விழக்கூடிய இடங்களைத் திருத்துங்கள். கிணற்றடிச் சீமெந்தைச் சுரண்டிப் பாசி எடுப்பியுங்கள். கழிவறைச் சுவரில் பிடிப்பதற்கு ஒரு இரும்புக் குழாய் பூட்டுவியுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பை எறியச் சொல்லுங்கள். பிரஷர் குளிசை எடுக்கிறவர் என்றால் கட்டிலில் காலைத் தொங்கவிட்டுச் சற்று இருந்துவிட்டு எழும்பட்டும். கண்ணில் வெண்புரை இருக்கிறதா என்று காட்டுவியுங்கள். பரந்தன் முல்லைத்தீவு வீதி போன்ற பெருவீதிகளில் பொழுதுபட்ட பிறகு சைக்கிள் வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அங்கே டிப்பர்கள் யாரையும் பார்ப்பதில்லை. பார்சல் அனுப்புவதென்றால் நல்ல டோர்ச் லைட் அனுப்புங்கள். முழங்கால் பட்டி அனுப்ப வேண்டாம், என் பிள்ளைகள் அனுப்பியவை அலுமாரி நிறையக் கிடக்கின்றன.