ஓணானும் ரொறன்ரோ மைத்துனரும்

கேள்வி: எங்கள் தொடர்மாடி முற்றத்தில் என் பத்து வயது மகன் ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்து, நூலில் கட்டி இழுத்து விளையாடினான். பிறகு கல்லெறிந்ததில் அது செத்துவிட்டது. கீழ்வீட்டு அம்மா "இப்படித்தான் கொலைகாரர்கள் உருவாகிறார்கள்" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். சின்ன வயதில் எல்லாரும் செய்ததுதானே இது? ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனர் அனுமதிப்பத்திரம் எடுத்து மான் சுடுகிறார். அதைப் பொறுப்பான வேட்டை என்கிறார்கள். மான் சுட்டால் பொறுப்பு, ஓணான் அடித்தால் கொலையா? (படம் இணைத்துள்ளேன்.)
– ஒரு தகப்பன், வெள்ளவத்தை

பதில்: இந்த 'எல்லாரும்' என்பவரை நான் வெகுகாலமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். காலி வீதியில் சிவப்பு விளக்குக்கு நிற்காமல் போனவர் அவர். மீட்டர் போடாத முச்சக்கரவண்டிக்காரர் அவர். மாநகரசபைக்கு ஒரு பிளானைக் காட்டிவிட்டு வேறு பிளானில் மாடி எழுப்பியவர் அவர். இந்தப் பத்திரிகையைச் சந்தா கட்டாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, குறுக்கெழுத்துப் போட்டியையும் பேனாவால் நிரப்பித் திருப்பிக் கொடுப்பவரும் அவரேதான். பொலிஸ்காரர் மறித்தால் மட்டும் ஆள் தனியாக நிற்பார். கூட இருந்த 'எல்லாரும்' எங்கே போனார்கள் என்று தெரியாது. உங்கள் வகுப்பை நினைத்துப் பாருங்கள். கெட்டப்போலோடு (கல்லெறியும் கவண்) திரிந்தவர்கள் நாலைந்து பேர், சுற்றி நின்று பார்த்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். மிச்சப் பேர் அந்தப் பக்கமே வரவில்லை. பெண்பிள்ளைகளை நீங்கள் கணக்கில் எடுத்ததாகவே தெரியவில்லை.

ஓணான் மீதுள்ள வழக்கு மிகப் பழையது. இராமர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாராம். அணில் இளநீர் கொண்டுவந்ததாம், ஓணான் மூத்திரம் கொண்டுவந்ததாம். ஆகவே ஓணானை அடிக்கலாம். இது வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. கையில் ஏற்கனவே கல் வைத்திருந்த ஒரு பெடியன்தான் இதை இயற்றியிருக்கவேண்டும். அடிக்கிறவனுக்கு அடிக்குமுன் ஒரு புராணம் தேவைப்படுகிறது. பெரியவர்களும் இதையே செய்வதால் பெடியனை மட்டும் குறை சொல்ல வரவில்லை.

கீழ்வீட்டு அம்மா யூடியூப் பார்ப்பவர் என்று நினைக்கிறேன். 1963இல் மக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர் மூன்று அறிகுறிகளைச் சேர்த்து எழுதினார்: விலங்குகளை வதைப்பது, தீ வைப்பது, ஐந்து வயது தாண்டியும் படுக்கையை நனைப்பது. இந்த மூன்றும் இருந்தால் பிள்ளை கொலைகாரனாவான் என்று ஊர் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தச் சூத்திரம் சரியாக நிற்கவில்லை. பாயை நனைத்தவனெல்லாம் கொலைகாரன் என்றால் வெள்ளவத்தையில் ஒரு வீட்டிலும் ஆள் மிஞ்சாது. அதற்காக அந்த அம்மா சொன்னதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. அமெரிக்காவின் எஃப்பிஐ 2016 முதல் விலங்கு வதையைத் தனிக் குற்றமாகக் கணக்கெடுத்து வருகிறது. சும்மா பொழுது போகாமல் எடுக்கும் கணக்கில்லை அது.

நமது இலங்கைச் சட்டத்துக்கு வருவோம், அது இன்னும் சுவாரசியம். 1907ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் வீட்டு விலங்கையும் பிடித்து வைத்த விலங்கையும்தான் விலங்கு என்று ஏற்றுக்கொண்டது. ஆக, உங்கள் ஓணான் மதிலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவரை அது யாரென்றே சட்டத்துக்குத் தெரியாது. மகன் நூலைக் கட்டினானே, அந்த நேரம் அதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது! செத்துப்போகும்வரை அனுபவித்திருக்கும். தண்டப்பணத்துக்கு அந்தச் சட்டம் வைத்த உச்சம் 100 ரூபாய். காலிமுகத்திடலில் ஒரு தட்டு இறால் வடைக்கும் அது காணாது. சட்ட ஆணைக்குழு 2006இலேயே புதிய சட்டமூலம் வரைந்து கொடுத்தது. அதற்குப் பிறகு அது ஆண்டுக்கணக்காக மேசை மேசையாக அலைந்தது. வடைக்காரர்கள் அதற்குள் எத்தனையோ தடவை விலையைத் திருத்திவிட்டார்கள்.

சரி, வேட்டை. இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில் தேவநம்பிய தீசன் என்ற அரசன் மிகிந்தலையில் மான் வேட்டைக்குப் போகும் இடம் எல்லாருக்கும் (மன்னிக்கவும், பலருக்கும்) தெரியும். புத்த சமயத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரைச் சந்தித்ததும், அரசனின் புத்தியைச் சோதிக்க அவர் கேட்ட மாமரக் கேள்வியும் நினைவில் நிற்கும். அதற்கு முன்னால் உள்ள ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுவோம். மான் கவனமில்லாமல் மேய்ந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் எய்வது தகாது என்று நினைத்து அரசன் வில்லின் நாணைச் சுண்டி ஒலி எழுப்புகிறான். மான் ஓடுகிறது, பின்னால் துரத்துகிறான்.

உங்கள் மைத்துனர் இப்படிச் செய்யமாட்டார், செய்யவும் கூடாது. ஓடுகிற மானைச் சுட்டால் வயிற்றிலோ காலிலோ பட்டு, பற்றைக்குள் போய் இரவெல்லாம் கிடந்து சாகும். நின்ற மானின் முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சில் ஒரே வெடி. தப்பினால் இரத்தச் சொட்டைப் பார்த்துத் தேடிப்போய் முடித்துவைப்பது. அதுதான் அவர்களின் ஒழுங்கு. ஒன்ராறியோவில் அதற்கு வகுப்புக்குப் போகவேண்டும், பரீட்சை எழுதவேண்டும், செம்மஞ்சள் சட்டை போடவேண்டும். சுட்ட மானின் இறைச்சியைக் கைவிட்டுப் பழுதாக்கினால் அதுவும் குற்றம். மான் உடனே சாகவேண்டும் என்று மைத்துனர் ஆசைப்படுகிறார். ஓணான் உடனே செத்திருந்தால் உங்கள் மகனுக்கு விளையாட்டே இல்லை. இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

அனுமதி இருந்தால் எல்லாம் சரி என்று நான் சொன்னதாக இனிக் கடிதம் போடவேண்டாம். மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரத் துரை இந்தத் தீவில் ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டதாகக் கணக்கு. அரசாங்க உத்தியோகத்தர், அவரைக் கேட்க ஆளில்லை. 1845இல் ஹப்புத்தளையில் அவர் தலையில் இடி விழுந்தது. நுவரெலியாவில் புதைத்தார்கள். வன்னியில் இடியன் துவக்கோடு பிடிபட்ட பன்றி வேட்டைக்காரன் நீதிமன்றம் ஏறுகிறான். துரையைப் பிடிக்க வானத்திலிருந்தே இடி வரவேண்டியிருந்தது. துரைகள் கடைசியில் காட்டில் ஒன்றும் மிஞ்சாது என்று பயந்து 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். அந்தப் பயத்தால் யால காடு பிழைத்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், மனமில்லாமல்.

எனக்கு ஆத்திரம் வருவது துவக்குக்காரன் மேல்கூட இல்லை. கம்பிச் சுருக்கு, மிருகம் தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு, தீனிக்குள் வெடி வைக்கும் ஹக்கபட்டாஸ்: இவற்றை வைத்தவன் வீட்டில் நித்திரை கொள்கிறான். பன்றிக்கு வைத்த வெடியை யானைக்குட்டி கடித்து, வாய் கிழிந்து, தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினியில் சாகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்தில் கம்பி இறுகிக் கிடந்தது. மீட்டு, சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மூன்று நாளில் செத்தது. அந்தக் கம்பியை யாரும் அதற்கென்று வைக்கவில்லை. யாருக்கு வைத்தது என்று கேட்டால் பன்றிக்கு என்பார்கள். அங்கே நாணைச் சுண்டவும் ஆளில்லை, தேடிப்போய் முடிக்கவும் ஆளில்லை.

மகனை அடிக்காதீர்கள். ஓணான் விழுந்த பிறகு எத்தனை கல் எறிந்தான் என்று மட்டும் கேளுங்கள். ஒன்றோடு நிறுத்தி முகம் வாடினான் என்றால் பிரச்சினை அவ்வளவுதான். அசைவு நிற்கும்வரை எறிந்தான் என்றால் அவனோடு கொஞ்ச நாள் கூட இருங்கள். பின்னேரம் ரியூசனை ஒரு நாள் விட்டுவிட்டு அவனைத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்ல வந்தேன், வேண்டாம். அங்கே கூட்டுக்குக் கல்லெறிகிற பெரியவர்கள் நிற்பார்கள். கீழ்வீட்டு அம்மாவிடம் போய்த் தகப்பனும் மகனுமாக மன்னிப்புக் கேளுங்கள்.

அப்புறம், நீங்கள் இணைத்த படம். மைத்துனர் செம்மஞ்சள் சட்டையில் சிரிக்கிறார். மானின் நாக்கு வெளியே தொங்குகிறது, மூக்கில் இரத்தம். அதைப் பிரசுரிக்க மாட்டோம். நல்ல வேட்டைக்காரர்கள் படம் எடுக்குமுன் இரத்தத்தைத் துடைத்து, நாக்கை வாய்க்குள் வைத்துவிடுவார்கள். மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள்.