அட்டையில் இல்லாத பத்தாம் வசனம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். 2013இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றேன். இன்னும் பணி நியமனம் வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் (அந்த வருஷத்துக்கென்று கொடுக்கும் வேதவசன அட்டை) எரேமியா 29:11 இருந்தது: நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்கிற வசனம். ஊழியர் ஒருவர் ஜெபித்துவிட்டு, "இந்த வருஷமே வேலை" என்றார். கல்யாணப் பேச்சைக்கூட அதுவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது பக்கத்து ஊர்த் தனியார் பள்ளியில் கூப்பிடுகிறார்கள். போய்ச் சேர்ந்தால் கர்த்தருடைய வேளையை நம்பாதவன் ஆகிவிடுவேனோ?

பெயர் வேண்டாம்

*

அன்புள்ள தம்பி,

அந்தப் பள்ளியில் சேருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் அட்டையில் 11ஆம் வசனம் மட்டும் இருந்திருக்கும். அதற்கு முந்தின வசனத்தில், பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகே உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்ற கணக்கு இருக்கிறது. கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதியனுப்பிய கடிதம் அது. 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, எல்லோரும் இரண்டே வருஷத்தில் திரும்பிவிடுவார்கள் என்கிறான். எரேமியா அதற்கு ஆமென் சொல்கிறார். அவருக்கும் அதுதானே ஆசை! ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. உங்களுக்காக ஜெபித்தவர் உங்கள் கஷ்டம் தாங்காமல் அப்படிச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும், கர்த்தருக்கு நாள் குறிக்கும் உரிமை நம்மில் யாருக்கும் இல்லை.

சரி, அந்த எழுபது வருஷமும் அவர்கள் என்ன செய்ய வேண்டும்? மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருக்க அல்ல. வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறார் கர்த்தர். 7ஆம் வசனத்தில் வரும் அந்தச் சமாதானம்தான் 11ஆம் வசனத்தில் "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று மறுபடி வருகிறது. எபிரெயத்திலும் இரண்டு இடத்திலும் ஷாலோம்தான். பின்னால் தருவதாகச் சொன்னதையே, பிடிக்காத ஊரில் இப்போதே தேடச் சொல்கிறார். அங்கே மரம் நட்டவர்கள் வாக்குத்தத்தத்தைக் கைவிட்டவர்கள் இல்லை, தம்பி. அதற்குக் கீழ்ப்படிந்தவர்கள்.

அரசுப் பணி கட்டாயம் வரும் என்று என்னால் எழுத முடியாது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்கள் பலர் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். திரும்பி வந்தது பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். அந்தப் பெரியவர்களையும் கர்த்தர் மறக்கவில்லை என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் இத்தனை வருஷம் காத்திருந்த உங்களுக்கு இதை எழுதக் கை தயங்குகிறது.

வலித்தால் அவரிடமே கேளுங்கள். 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார். அதை யாரும் அவிசுவாசம் என்று சொன்னதில்லை.

போட்டித் தேர்வு வந்தால் எழுதுங்கள், அதை விட வேண்டாம். கல்யாணப் பேச்சை வீட்டில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், பள்ளியில் எந்த வகுப்பைக் கொடுத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அந்தப் பிள்ளைகளுக்காகவும் ஜெபிக்க வேண்டும்.